சுகரணம்னா என்னன்னு தெரியுமா?

கடையைத் தொறந்து ரொம்ப நாளாச்சு. ஷிப்மெண்ட் நேரம், ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தா எழுதறதுக்கு எங்க முடியுது. இன்னிக்கு கொஞ்சம் பெரிய பதிவு. மொதல்ல ஒரு கொசுவத்தி, நடுவுல வரலாறு, கடைசியில கிட்னி. பொறுமை இருக்கறவங்க கூட வாங்க, இல்லாதவங்க டீ குடிச்சிட்டு வாங்க :-)

எங்க வீட்டுக்குப் பின்னாடி லைன் வீடு. அதுல குடியிருக்கற தம்பி ஒருத்தர் சாயப்பட்டறையில வேலை பாக்கறார். அவரோட பொண்ணு அரசுப் பள்ளியில தமிழ் மீடியத்துல பிளஸ் டூ முடிச்சு, நல்ல மார்க் எடுத்து, நர்சிங் சேர்ந்துச்சு. லைன் வீட்டுக்கே லட்டு குடுத்தாங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்பாவும் பொண்ணும் வந்து வாசல்ல நிக்கறாங்க. பொண்ணு கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு.

"ஏனுங்ணா, நீங்க மருந்துப் படிப்பு படிச்சீங்கல்லங்க, இவளுக்கு கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. படிப்பு வேண்டாம், கம்பெனிக்குப் போறேங்கறா."

பொண்ணு தலைய நிமிர்த்தவே இல்லை. "பிசியாலஜில பெயில் பெரியப்பா. க்ளாஸ்ல என்ன சொல்றாங்கன்னே புரியல. எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லீங்க. செக்கிங்குக்கே போயிக்கறேன்."

எனக்கு சுருக்குனு ஆயிருச்சு. ஏன்னா "மண்டையில ஒண்ணும் இல்லை"ங்கற அதே வார்த்தையை நான் 1996ல எங்கப்பாகிட்ட சொல்லியிருக்கேன்.

கொசுவத்தி ஆரம்பம். நானும் தமிழ் மீடியம்தான். டி.பார்ம் சேர்ந்தேன். (எந்தக் காலேஜ்னு கேக்காதீங்க, தப்பு அவங்க மேல மட்டும் இல்லை.) மொத வருசத்துல ஹெச்.ஏ.பி.னு ஒரு பேப்பர். மனித உடற்கூறியலும் உடலியங்கியலும். மொத நாள் சார் வந்து போர்டுல எழுதின மொத வார்த்தை ஹோமியோஸ்டாசிஸ். நான் அதைத் தமிழ் எழுத்துல நோட்டுல எழுதிக்கிட்டு, ஹோமியோபதி சம்பந்தப்பட்ட ஏதோ ஒண்ணுன்னு ஒரு வாரம் நெனச்சிக்கிட்டிருந்தேன். சிரிக்காதீங்க. உடம்பு தன்னோட சூடு, உப்பு, சர்க்கரை, தண்ணி எல்லாத்தையும் ஒரு அளவுக்குள்ள வச்சுக்கற விசயம்தான் அதுன்னு அன்னிக்குத் தமிழ்ல ஒரே ஒரு வரி யாராவது சொல்லியிருந்தா போதும். சொல்லலை. கேக்கறதுக்கு எனக்கும் வாய் வரலை.

இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியும். நாலு அறையையும் வரைஞ்சு அம்புக்குறி போட்டுருவேன். ஆனா அதை இங்கிலீஷ்ல நாலு வாக்கியமா எழுதத் தெரியாது. எண்பது மார்க்குக்குப் பத்தொம்பது. அடுத்த தடவை இருவத்தி மூணு. அதுக்கப்புறம் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னு ஊர்ல சொன்னேன். அப்பாகிட்ட மட்டும் மண்டையில ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. மறுநாள் காலைல டிபன் பாக்ஸோட என்னையும் கூட்டிக்கிட்டு சாயப்பட்டறைக்குப் போனார். கொசுவத்தி முடிஞ்சது.

இப்ப வரலாறு. அந்தப் பொண்ணு போனதுக்கப்புறம் தூக்கம் வரலை. இந்தப் பாடத்தைத் தமிழ்ல யாராவது எப்பவாவது நடத்தியிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். ஈழத்துப் பழைய நூல்களைப் பத்தி மேய்ஞ்சுக்கிட்டிருந்தப்ப ஒரு பேர் கண்ணுல மாட்டுச்சு. 'மனுஷ சுகரணம்'. 1883ல வந்த புத்தகம். சுகரணம்னா என்ன? சத்தியமா எனக்குத் தெரியலை. தேடிப் பாத்தா, பிசியாலஜிக்குத் தமிழ்ல அன்னிக்கு வச்ச பேர் அது!

இதுக்குப் பின்னாடி இருக்கறவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் என்ற ஊரில் 1822ல் பிறந்தவர். நியூயார்க்கில் 1845ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப, 1847ல் வந்து சேர்ந்தார். அடுத்த வருசமே மானிப்பாயில் வைத்தியசாலையும் வகுப்பும் ஆரம்பித்துவிட்டார். (நியூயார்க் வரலாறு படிக்கிறவர்களுக்கு ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் என்ற பெயர் தெரிந்திருக்கலாம். இன்றைய நியூயார்க் மாநகரம் ஒரே நகரமாக இணைய முக்கியக் காரணமானவர். அவர் நம்ம டாக்டரோட அண்ணன்.)

ஆரம்பத்தில் கிறீன் இங்கிலீஷில்தான் பாடம் நடத்தினார். அது அப்போது ஓடியது. காரணம், வட்டுக்கோட்டையில் 1823ல் தொடங்கிய செமினரி இருந்தது. அதில் படித்த பையன்களுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. ஆனா 1855ல் அந்த செமினரியை மூடிவிட்டார்கள். மிஷனும் இனி ஊர்மொழியில் கல்வி என்று திரும்பியது. அதே 1850களில் கிறீன் தமிழில் புத்தகம் போடும் வேலையில் இறங்கியிருந்தார்.

அவர் முதலில் கையில் எடுத்த புத்தகம் எதுன்னு நெனைக்கிறீங்க? கால்வின் கட்டர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதின உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம் பற்றிய பாடப்புத்தகம். பெரிய டாக்டர்களுக்கான புத்தகம் இல்லை. காலேஜ், பள்ளிக்கூடம், குடும்பம் எல்லாருக்கும்னு எழுதப்பட்ட அறிமுகப் பாடம். அதாவது நான் பெயிலான அதே பேப்பர்! அதுக்குத் தமிழில் வைத்த பெயர் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. அங்காதிபாதம்னா அனாட்டமி, சுகரணவாதம்னா பிசியாலஜி, உற்பாலனம்னா சுகாதாரம். மூச்சு வாங்குதா? எனக்கும் வாங்குச்சு.

நடுவில் கிறீன் ஊருக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு 1862ல் திரும்பி வந்தார். இந்த இரண்டாவது சுற்றில்தான் முழுக்கத் தமிழ் வகுப்பு. 1864ல் தொடங்கியது. அவர் கணக்கு ரொம்ப எளிமையானது. இங்கிலீஷில் படித்த பையன் சர்க்கார் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவான். தமிழில் படித்தவன் தன் ஊரிலேயே, தன் சனத்துக்கே வைத்தியம் பார்ப்பான். உடுப்பு விசயத்திலும் அதே எண்ணம்தான். கோட்டு, கால்சட்டை வேண்டாம், ஊர் உடையிலேயே இருங்க என்பது அவர் விருப்பம்.

அதுக்கப்புறம் புத்தகங்கள் வரிசையாக வந்தன. 1867ல் அறுவை சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்'. 1872ல் 'மனுஷ அங்காதிபாதம்'. இது எதோட தமிழ்னு தெரிஞ்சா அசந்து போவீங்க. இன்னிக்கும் உலகம் பூரா மெடிக்கல் மாணவர்கள் தூக்கிச் சுமக்கிற கிரே'ஸ் அனாட்டமி! அது லண்டனில் முதலில் வந்தது 1858ல். பதினாலே வருசத்தில் தமிழில். 1875ல் வேதியியலுக்கு 'கெமிஸ்தம்'. பிரசவத்துக்கு ஒன்று, பொது மருத்துவத்துக்கு ஒன்று என்று மொத்தத்தில் நாலாயிரம் பக்கத்துக்கும் மேல். கிறீனிடம் படித்து வெளியே வந்த வைத்தியர்கள் அறுபது பேருக்கும் மேல், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

நான் முதலில் பார்த்த 'மனுஷ சுகரணம்' கிறீன் தானே எழுதியது இல்லை. அவரிடம் படித்த யாழ்ப்பாணத்து மாணவர் சாப்மன் தமிழாக்கியது. (பேரைப் பார்த்து வெள்ளைக்காரர்னு நெனச்சுராதீங்க. மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு, படிப்புக்குப் பணம் அனுப்பின அமெரிக்கர்களின் பெயரை வைப்பது அன்றைய வழக்கம்.) மூலம், ஜான் கால் டால்டன் என்பவரின் உடலியங்கியல். இந்த டால்டன், கிறீன் படித்த அதே நியூயார்க் கல்லூரியில் பேராசிரியர். அவர் 1850 வாக்கில் பாரிஸ் போய் கிளாட் பெர்னாரிடம் பாடம் கேட்டவர். கிளாட் பெர்னார் யாருன்னா, உடம்புக்குள்ளே இருக்கிற சூழல் மாறாமல் இருக்கணும், அதுதான் உயிர் வாழ்க்கைக்கு அடிப்படைன்னு சொன்ன மனுசன். அந்தக் கருத்தை வைத்துத்தான் பின்னாளில் வால்டர் கேனன் என்ற அமெரிக்கர் 1920களில் ஹோமியோஸ்டாசிஸ் என்ற வார்த்தையை உண்டாக்கினார்.

கொஞ்சம் நிதானமா யோசிங்க மக்களே. பாரிஸில் பெர்னார், நியூயார்க்கில் டால்டன், மானிப்பாயில் சாப்மன். மூணே தாவல். 1996ல மொத பெஞ்சுல உக்காந்து ஹோமியோபதின்னு முழிச்சிக்கிட்டிருந்த எனக்கு நூத்திப் பதிமூணு வருசம் முன்னாடியே இந்தப் பாடம் தமிழுக்கு வந்தாச்சு. எனக்கு வந்து சேரலை, அவ்வளவுதான்.

அப்ப ஏன் நின்னு போச்சு? கிறீன் உடம்பு முடியாமல் 1873ல் அமெரிக்கா திரும்பினார். அவரது மாணவர்கள் கொஞ்ச காலம் வகுப்பை இழுத்துப் பிடித்தார்கள். ஆனா 1870லேயே கொழும்பில் அரசாங்க மெடிக்கல் ஸ்கூல் வந்துவிட்டது, இங்கிலீஷில். சென்னையிலோ 1835லிருந்தே அப்படித்தான். சர்க்கார் வேலை, சம்பளம், அந்தஸ்து எல்லாம் அந்தப் பக்கம். ஊரோட தங்குவான் என்பது கிறீன் போட்ட கணக்கு. ஆனா எந்த அப்பன் தன் பையன் உத்தியோகத்துக்குப் போகாமல் ஊரோட தங்கணும்னு நினைப்பான்? அந்தக் கணக்குல உதைச்ச இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன். படிப்புக்கு மொழி மட்டும் போதாது, படிச்சு முடிச்சா ஒரு வழி இருக்கணும். கிறீன் 1884ல் வூஸ்டரில் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்னும் இருக்கிறது.

இங்க ஒரு விசயத்தை நேர்மையா சொல்லிடறேன். கிறீன் புத்தகத்தை அந்தப் பொண்ணு கையில குடுத்தா புரியுமா? புரியாது. சுகரணம், உற்பாலனம் எல்லாம் இங்கிலீஷை விட அந்நியமா இருக்கும். இன்னிக்கு நாம உடலியங்கியல்னு சொல்றோம், ஈழத்தில் உடற்றொழிலியல் என்கிறார்கள். சுகரணம்ங்கற வார்த்தை செத்துப் போச்சு. அப்ப கிறீன் செஞ்சது வீணா?

வீண் இல்லைன்னு எனக்குக் காட்டிக் குடுத்தது எங்க திருப்பூர்தான். எங்க கம்பெனிக்குள்ள வந்து பாருங்க. ஓவர்லாக், பேட்லாக், காம்பாக்டிங், ரிப், காலர், டெலிவரி, ரிஜக்சன். மதுரைப் பக்கத்துல இருந்து வந்த அக்காவுக்கும், ஒடிசாவில் இருந்து வந்த பையனுக்கும் இந்த வார்த்தை எல்லாம் அத்துப்படி. இதுல யாரும் இங்கிலீஷ் படிச்சதில்லை. ஆனா "ஓவர்லாக் அடிச்ச பீஸ்ல தையல் பிரிஞ்சா ஊசியைப் பாரு, நூல் டென்சனைப் பாரு"ன்னு சொல்லிக் குடுக்கற வாக்கியம் தமிழ். வார்த்தை வேற, வாக்கியம் வேற. வார்த்தை எந்த ஊர்ல இருந்து வந்தாலும் பத்து நாள்ல பழகிரும். வாக்கியம் புரியலைன்னா பத்து வருசமானாலும் புரியாது. கிறீனே வேதியியலுக்குக் கெமிஸ்தம்னுதான பேர் வச்சார்? அவர் தூய தமிழுக்காக மட்டும் மல்லுக்கட்டலை. முழுப் பாடத்தையும் தமிழ் வாக்கியத்துல நடத்தினார். அதுதான் விசயம்.

இப்ப கிட்னி. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணை அப்பாவோட வரச் சொன்னேன். புத்தகத்தை மூடி வைன்னு சொல்லிட்டு அவங்கப்பாகிட்ட கேட்டேன், "தம்பி, பட்டறையில சாயத்தண்ணி என்னாகுது, சொல்லு."

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நொய்யலில் சாயத்தண்ணி போனதுதான் காரணம். ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிச்சாத்தான் பட்டறையை ஓட்டலாம்னு ஆனதுக்கப்புறம் ஆர்.ஓ. பிளாண்ட் இல்லாமல் வேலை இல்லை. தம்பி கடகடன்னு சொல்லிட்டார். மொதல்ல கசடை வடிகட்டுவோம், அப்புறம் பிரஷர் குடுத்து மெம்பரேன்ல தள்ளுவோம், நல்ல தண்ணியைத் திரும்ப எடுத்துக்குவோம், மிச்சத்தைக் காய்ச்சி உப்பையும் எடுத்துக்குவோம், கடைசியில கொஞ்சூண்டு கழிவுதான் மிஞ்சும்.

"கேட்டியா கண்ணு? இதான் நெஃப்ரான்"னேன்.

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான். முதல்ல கிளாமருலஸ்னு ஒரு ரத்தக்குழாய் முடிச்சு. அங்கே ரத்தம் பிரஷரோட வருது. அணுக்களும் பெரிய புரதங்களும் தங்கிடும். தண்ணி, உப்பு, சர்க்கரை, யூரியா எல்லாம் கீழே இறங்கிடும். இப்படி ஒரு நாளைக்கு இறங்கறது சுமார் 180 லிட்டர். நம்ம உடம்புல இருக்கற பிளாஸ்மாவே மூணு லிட்டர்தான். அப்படின்னா அதே சரக்கு ஒரு நாளைக்கு அறுபது தடவை வடிகட்டப்படுது. ஆனா நாம சிறுநீரா வெளியேத்தறது சுமார் ஒண்ணரை லிட்டர். மிச்சம் 178 லிட்டர் எங்க போச்சு? நுண்குழாய்கள் திரும்ப எடுத்துக்குது. சர்க்கரை முழுசும் திரும்ப வந்துரும். உப்பும் தண்ணியும் உடம்புக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. வெயில்ல வேர்த்துக் கொட்டினா கூடுதலா எடுத்துக்கும், அதான் அன்னிக்கு சிறுநீர் மஞ்சளா, கொஞ்சமா போகுது. உடம்புக்குள்ள இருக்கற அளவு மாறாம பாத்துக்குது. ஹோமியோஸ்டாசிஸ்!

அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்ப சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு மட்டும் ஏன் பெரியப்பா சிறுநீர்ல சர்க்கரை வருது?"ன்னு கேட்டுச்சு. பாருங்க! மண்டையில ஒண்ணும் இல்லாத பொண்ணு கேக்கற கேள்வியா இது? ரத்தத்துல சர்க்கரை அளவுக்கு மேல போனா, திரும்ப எடுக்கற பிளாண்டோட கெப்பாசிட்டி பத்தாது, மிச்சம் வழிஞ்சு வெளிய போயிரும்னு அவங்கப்பாவே பதில் சொன்னார். ஆர்.ஓ. தெரிஞ்சவருக்கு அது சாதாரணம். எனக்குத்தான் தொண்டை அடைச்சிருச்சு. எங்கப்பாவும் சாயப்பட்டறைதான். 1996ல ஆர்.ஓ. இல்லைன்னாலும், துணியில சாயம் எப்படி ஏறுது, உப்பு போட்டா ஏன் நல்லா பிடிக்குதுன்னு அவருக்கு எல்லாம் தெரியும். என் நோட்டை அவர்கிட்ட ஒரு நாள் காட்டியிருக்கலாம். காட்டலை. அவர் இப்ப இல்லை.

நாங்க ஒரு முறை வச்சிருக்கோம். மொதல்ல தமிழ்ல, அவ சொந்த வாக்கியத்துல பத்து வரி எழுதணும். இங்கிலீஷ் வார்த்தை தாராளமா வரலாம். அப்புறம் அதே பத்து வரியை இங்கிலீஷ்ல, சின்னச் சின்ன வாக்கியமா. பரீட்சை இங்கிலீஷ்லதான, அதைத் தாண்டித்தான ஆகணும். ரெண்டாவது இன்டர்னல்ல பாஸ். ஜஸ்ட் பாஸ்தான். கம்பெனி பேச்சு இப்போதைக்கு இல்லை. வருசப் பரீட்சை இன்னும் இருக்கு.

இது ஒரு லைன் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கீடு வந்தது. எங்க திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2022 ஜனவரியில் திறப்பு விழாவும் நடந்தாச்சு. மொத வருசத்துலயே அனாட்டமி, பிசியாலஜி. தமிழ் மீடியத்துல இருந்து போற எத்தனை பிள்ளைங்க மொத பெஞ்சுல முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும்? மத்தியப் பிரதேசத்தில் 2022 அக்டோபரில் எம்.பி.பி.எஸ். முதல் வருசத்துக்கு இந்தியில் புத்தகம் வெளியிட்டார்கள். அதிலும் பிசியாலஜி உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010லேயே தமிழில் பொறியியல் ஆரம்பித்தது. எது சரி, எவ்வளவு தூரம் ஓடும்னு வாதம் நடக்கட்டும். அதுவரைக்கும் வகுப்புல தமிழ்ல ஒரு வாக்கியம் சொல்றதுக்கு யாரோட அனுமதியும் வேண்டியதில்லையே?

நம்ம பதிவர்கள்ல டாக்டர், நர்ஸ், பார்மசி ஆளுங்க இருக்கீங்க. நேரம் கெடைக்கறப்ப ஆளுக்கு ஒரு பாடத்தை இப்படித் தமிழ் வாக்கியத்துல எழுதிப் போடுங்களேன். தேடற ஏதோ ஒரு பிள்ளைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாட்டும்.

டிஸ்கி 1: நான் டாக்டர் இல்லை, பாதியில ஓடி வந்த பார்மசிக்காரன். கிட்னி விசயத்துல எங்காவது சறுக்கியிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன்.

டிஸ்கி 2: அடுத்த வாரம் நுரையீரல். அதுக்கு எங்க கம்பெனி காம்ப்ரசரை வச்சு யோசிச்சிக்கிட்டிருக்கேன் :-)